வேலை பார்த்தும் காப்பீடு போனது: ஆர்கன்சா, 2018

2018 ஜூன் மாதம் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு புது விதி நடைமுறைக்கு வந்தது. மெடிக்கெய்ட் என்ற அரசுக் காப்பீட்டில் இருக்கும் 30 முதல் 49 வயது வரையிலானவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை பார்க்க வேண்டும். வேலை இல்லையென்றால் படிப்பு, பயிற்சி, சமூகத் தொண்டு, வேலை தேடுதல் போன்றவற்றில் அந்த நேரத்தைக் கணக்குக் காட்ட வேண்டும். ஓர் ஆண்டில் ஏதாவது மூன்று மாதம் கணக்குக் காட்டத் தவறினால் காப்பீடு ரத்து. அடுத்த ஜனவரி வரை திரும்பச் சேரவும் முடியாது. விதியை மீறியவர்களின் காப்பீட்டை நிஜமாகவே பறிக்கும் அளவுக்கு இதை நடத்திக் காட்டிய முதல் மாநிலம் ஆர்கன்சாதான். அந்த ஆண்டு முடிவதற்குள் 18,164 பேர் காப்பீட்டை இழந்திருந்தார்கள்.

அவர்கள் எல்லாரும் சும்மா இருந்தவர்களா? பிறகு வந்த ஆய்வு பார்த்தபோது, இந்த விதிக்குள் வந்தவர்களில் 95 சதவீதத்துக்கும் மேலானவர்கள் ஏற்கெனவே 80 மணி நேரக் கணக்கை நிறைவு செய்திருந்தார்கள், அல்லது விதிவிலக்குப் பெற வேண்டியவர்கள். பிறகு எப்படி இத்தனை பேர் வெளியே போனார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன். அதே போன்ற விதி இப்போது சட்டமாகி நாட்டின் பெரும்பாலான மாநிலங்களுக்கும் வரவிருக்கிறது.

யாருக்கான காப்பீடு

அமெரிக்காவில் பெரும்பாலானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு வேலை வழியாகத்தான் கிடைக்கிறது. முதலாளி ஒரு பங்கு, தொழிலாளி ஒரு பங்கு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மெடிக்கேர், ஏழைகளுக்கு மெடிக்கெய்ட். இரண்டு திட்டங்களும் 1965-இல் ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் காலத்தில் வந்தவை. மெடிக்கெய்டை மத்திய அரசும் மாநிலமும் சேர்ந்து நடத்துகின்றன.

ஏழையாக இருந்தாலே மெடிக்கெய்ட் கிடைத்துவிடும் என்று நாம் நினைத்துக்கொள்வோம். அப்படி இல்லை. நீண்ட காலம் அது குழந்தைகள், கர்ப்பிணிகள், மாற்றுத்திறனாளிகள், மிக ஏழ்மையான சில பெற்றோர்கள் என்ற வட்டத்துக்குள்ளேதான் இருந்தது. குழந்தை இல்லாத 35 வயதுக்காரர் எவ்வளவு வறுமையில் இருந்தாலும் பெரும்பாலான மாநிலங்களில் அவருக்கு இடம் கிடையாது. 2010-இல் ஒபாமா ஆட்சியில் வந்த சட்டம் அந்த வட்டத்தைப் பெரிதாக்கியது. வறுமைக்கோட்டு வருமானத்தின் 138 சதவீதம் வரை உள்ள 65 வயதுக்கு உட்பட்ட வயது வந்தோர் எல்லாருக்கும் மெடிக்கெய்ட் என்றது அது. 2018 கணக்கில் தனி ஆள் ஒருவருக்கு அந்த வரம்பு ஆண்டுக்கு 16,753 டாலர். ஆனால் 2012-இல் உச்ச நீதிமன்றம், மாநிலங்கள் விரும்பினால் சேரலாம், கட்டாயமில்லை என்று சொல்லிவிட்டது.

தெற்கு மாநிலங்கள் பலவும் ஒதுங்கிக்கொண்டபோது ஆர்கன்சா சேர்ந்தது. மெடிக்கெய்ட் பணத்தைக் கொண்டே மக்களுக்குத் தனியார் காப்பீட்டு பாலிசி வாங்கிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்றை அப்போதைய கவர்னர் மைக் பீபியும் சட்டமன்றமும் உருவாக்கினார்கள். ஜனநாயகக் கட்சி கவர்னரும் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை கொண்ட சட்டமன்றமும் சேர்ந்து செய்த சமரசம் அது. 2014-இல் திட்டம் தொடங்கிய பிறகு மாநிலத்தில் காப்பீடு இல்லாதவர்களின் விகிதம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாட்டிலேயே மிகப் பெரிய சரிவுகளில் ஒன்று அது. பெருமைப்பட வேண்டிய சாதனை. பின்னால் நடந்ததைப் படிக்கும்போது இதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் ஆட்சி மாறியது. கவர்னர் ஆசா ஹட்சின்சன் திட்டத்தைக் கைவிடவில்லை. ‘ஆர்கன்சா வொர்க்ஸ்’ என்று பெயர் மாற்றி, வேலை நிபந்தனையைச் சோதனை முயற்சியாக அதன்மேல் ஏற்ற மத்திய அரசிடம் அனுமதி கேட்டார். 2018 ஜனவரியில் டிரம்ப் அரசு இப்படிப்பட்ட நிபந்தனைகளுக்குக் கதவைத் திறந்தது. அன்று மெடிக்கெய்டைக் கவனித்த மத்திய அமைப்பின் தலைவர் சீமா வர்மா மார்ச் மாதம் ஆர்கன்சாவுக்கு ஒப்புதல் கொடுத்தார்.

80 மணி நேரத்தில் என்ன வாங்க முடியும்

மாதம் 80 மணி நேரம் வேலை செய்பவர் காப்பீட்டுக்கு அரசை நம்பாமல் தன் காலில் நிற்பார் என்பதுதான் இந்த விதிக்குப் பின்னால் இருந்த நம்பிக்கை. கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2018-இல் ஆர்கன்சாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.50 டாலர். 80 மணி நேரத்துக்கு 680 டாலர். ஆண்டுக்கு 8,160. அதே ஆண்டு, வேலை வழியாகக் கிடைக்கும் காப்பீட்டுக்கு ஒரு தனி ஆளுக்கான சராசரி பிரீமியம் 6,896 டாலர், குடும்பத்துக்கு 19,616. முதலாளி தன் பங்கைக் கொடுத்தால் தொழிலாளி கட்டுவது இதில் ஒரு பகுதிதான். ஆனால் மாதம் 80 மணி நேர வேலைக்குக் காப்பீடு கொடுக்கும் முதலாளி அபூர்வம். கடை, ஓட்டல், வயல், கட்டுமானம், வீட்டில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று இவர்கள் பார்ப்பதெல்லாம் காப்பீடு இல்லாத வேலைகள். அதனால்தான் அவர்கள் மெடிக்கெய்டில் இருந்தார்கள். சோம்பலால் அங்கே போய் உட்கார்ந்தவர்கள் அல்லர்.

பிரீமியம் கட்டினாலும் கதை முடிவதில்லை. டிடக்டிபிள் என்று ஒன்று இருக்கிறது. அந்தத் தொகை வரை நம் கையிலிருந்து செலவழித்த பிறகே காப்பீடு பெரும்பாலான செலவுகளுக்குக் கை கொடுக்கத் தொடங்கும். ஒரு முறை ஸ்கேன் எடுத்துவிட்டு, பில் வரும் நாள்வரை தபால் பெட்டியைத் திறக்கவே பயப்படும் வழக்கம் அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களுக்கும் உண்டு. மாதம் 680 டாலர் சம்பாதிப்பவருக்கு அந்தப் பயம் எத்தனை மடங்கு இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

விதி எப்படி வேலை செய்தது

ஆர்கன்சா அரசு தன் கையில் இருந்த தகவல்களை வைத்துப் பெரும்பாலானவர்களைத் தானாகவே விலக்கிவிட்டது. கூலிப் பதிவுகளில் போதுமான வருமானம் தெரிந்தவர்கள், வீட்டில் 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருப்பவர்கள், உணவு உதவித் திட்டத்தில் ஏற்கெனவே வேலை நிபந்தனையைப் பூர்த்தி செய்தவர்கள் எதுவும் செய்யத் தேவையில்லை. இது சரியான ஏற்பாடு. சிக்கல் மிச்சம் இருந்தவர்களுக்கு. அரசின் கணினிக்குத் தெரியாத வேலை பார்த்தவர்கள், கணினிக்குத் தெரியாத நோய் இருந்தவர்கள் எல்லாரும் மாதாமாதம் தாங்களே போய்ப் பதிய வேண்டும்.

எங்கே? இணையத்தில் மட்டும். தொலைபேசியில் சொல்ல முடியாது, தபாலில் அனுப்ப முடியாது, அலுவலகத்தில் போய்க் காகிதத்தில் எழுதிக் கொடுக்கவும் முடியாது. தொலைபேசி வழி டிசம்பரில்தான் வந்தது. அதற்குள் கிட்டத்தட்ட 17,000 பேர் வெளியே போய்விட்டார்கள்.

ஒருவர் பதிய உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்று பார்ப்போம். முதலில் அவருக்கு ஒரு கடிதம் வந்திருக்க வேண்டும். வாடகை வீடு மாறியிருந்தால் கடிதம் பழைய முகவரிக்குப் போயிருக்கும். கடிதம் கையில் இருந்தால் அதில் ஒரு எண் இருக்கும். கணக்குத் தொடங்க அந்த எண் வேண்டும், மின்னஞ்சல் முகவரியும் வேண்டும். மின்னஞ்சல் இல்லாதவர் முதலில் அதை உருவாக்க வேண்டும். கணக்கைத் தொடங்கி, அதைத் தன் காப்பீட்டுப் பதிவோடு இணைத்து, பிறகு அந்த மாதம் எந்த வேலையில் எத்தனை மணி நேரம் என்று நிரப்ப வேண்டும். அடுத்த மாதம் 5-ஆம் தேதிக்குள் முடிக்க வேண்டும். அடுத்த மாதமும் இதே வேலை. அதற்கடுத்த மாதமும்.

அந்த இணையதளம் இரவு 9 மணிக்கு மூடிக் காலை 7 மணிக்குத் திறந்தது. இந்த ஒரு தகவலை முதன்முதலில் படித்தபோது நான் மறுபடி சரிபார்த்தேன், எங்கோ தவறு இருக்கிறது என்று நினைத்து. தவறில்லை. பராமரிப்புக்காக என்று ஒவ்வோர் இரவும் மூடினார்கள். மாலை ஷிஃப்ட் முடிந்து பத்து மணிக்கு வீடு திரும்புகிற தொழிலாளி, தான் வேலை பார்த்ததை நிரூபிக்க வேண்டிய தளம் அவர் வேலையில் இருக்கும்போது திறந்திருக்கிறது, வீட்டுக்கு வந்ததும் மூடிக் கிடக்கிறது. வீட்டில் இணைய இணைப்பு இருக்கும் விகிதத்தில் நாட்டின் கடைசி வரிசையில் இருக்கும் மாநிலங்களில் ஆர்கன்சாவும் ஒன்று. மிசிசிப்பி ஆற்றை ஒட்டிய கிழக்குப் பகுதிக் கிராமங்களில் நூலகத்துக்குப் போய்வரவே ஒரு பொழுது ஆகிவிடும், அதுவும் கார் இருந்தால்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே என்று நம் ஊரில் சொல்வார்கள். இங்கே பூசாரி ஒரு இணையதளம்.

முதல் மாதமான ஜூனில் தாங்களே பதிய வேண்டியிருந்தவர்கள் 7,909 பேர். நிபந்தனையைப் பூர்த்தி செய்ததாகப் பதிந்தவர்கள் 445. மிச்சம் 7,464 பேர் பதியவில்லை. இந்த எண்ணைப் பார்த்த அன்றே யாராவது ஓர் அதிகாரி நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும்: நூற்றுக்கு 94 பேர் ஒரு தேர்வில் தோற்றால் பிழை மாணவர்களிடமா, கேள்வித்தாளிலா? நிறுத்தவில்லை. ஆகஸ்ட் முடிவில் 4,353 பேர் காப்பீடு ரத்தானது. அதன்பின் நவம்பர் வரை மாதாமாதம் நான்காயிரம் பேர் அளவில் போய்க்கொண்டே இருந்தார்கள்.

ஒருவரின் கதை

பின்னர் செய்திகளிலும் நீதிமன்றத்திலும் பதிவான ஒருவரின் கதை இது. பெயர் இங்கே வேண்டாம். கோழி இறைச்சி ஆலையில் வேலை. ஆர்கன்சாவில் அது பெரிய தொழில். குளிரான கூடத்தில், நின்றபடியே, ஓடும் வரிசைக்கு ஈடுகொடுத்துச் செய்ய வேண்டிய வேலை. அவருக்கு நுரையீரல் நோய் இருந்தது. மருந்து இருந்தால் வேலைக்குப் போக முடியும்.

கணினி பழக்கம் இல்லாத அவர் ஒருவரின் உதவியோடு ஒரு முறை பதிந்தார். வேலையில் இருப்பதைத் தெரிவித்துவிட்டோம், முடிந்தது என்று நினைத்தார். நாமாக இருந்தாலும் அப்படித்தானே நினைப்போம்? மாதாமாதம் பதிய வேண்டும் என்பது அவருக்குப் புரியவில்லை. மருந்துக் கடைக்குப் போனபோதுதான் காப்பீடு இல்லை என்று தெரிந்தது. மருந்துக்குச் சுமார் 800 டாலர் கேட்டார்கள். வாங்காமல் திரும்பினார். நோய் முற்றியது, மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனார், வேலைக்கு விடுப்பு கூடியது, கடைசியில் வேலை போனது.

மக்களை வேலைக்கு அனுப்ப வந்த விதி, வேலையில் இருந்த மனிதரின் வேலையைப் பறித்தது. மருந்து இருந்ததால் வேலை இருந்தது. காப்பீட்டை வேலைக்குப் பரிசாக நினைத்தவர்களுக்கு இந்த வரிசை தலைகீழாகத் தெரிந்தது. நீரிழிவு, இரத்த அழுத்தம், வலிப்பு, மன அழுத்தம் என்று எந்த நாள்பட்ட நோயை எடுத்தாலும் இதே வரிசைதான்.

ஆய்வு சொன்னது

ஹார்வர்ட் பொதுச் சுகாதாரப் பள்ளியின் பெஞ்சமின் சோமர்ஸ் குழுவினர் ஆர்கன்சாவிலும், ஒப்பிடுவதற்காக கென்டக்கி, லூயிசியானா, டெக்சாஸ் மாநிலங்களிலும் குறைந்த வருமானம் உள்ள சுமார் 6,000 பேரிடம் தொலைபேசியில் பேசினார்கள். முடிவு 2019 ஜூனில் வந்தது. ஆர்கன்சாவில் 30 முதல் 49 வயதுக்காரர்களில் காப்பீடு இல்லாதவர்கள் 2016-இல் 10.5 சதவீதம், 2018-இல் 14.5. வேலைவாய்ப்பு கூடியதற்கான அடையாளம் எதுவும் இல்லை. விதிக்குள் வரக்கூடியவர்களில் மூன்றில் ஒருவர் இப்படி ஒரு விதி இருப்பதையே கேள்விப்பட்டிருக்கவில்லை.

மாநில அரசின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். காப்பீட்டை இழந்தவர்களில் சிலர் வேறு வழியில் காப்பீடு பெற்றிருக்கலாம், ஆயிரக்கணக்கானோர் புது வேலையில் சேர்ந்திருக்கிறார்கள் என்று கவர்னர் வாதாடினார். ஆனால் குறைந்த கூலி வேலைகளில் ஆள் மாறுவது எப்போதும் நடப்பது. விதி இல்லாத ஆண்டிலும் ஆயிரக்கணக்கானோர் புது வேலையில் சேர்வார்கள். விதியால் எத்தனை பேர் கூடுதலாகச் சேர்ந்தார்கள் என்று காட்ட அக்கம்பக்கத்து மாநிலங்களோடு ஒப்பிட வேண்டும். ஒப்பிட்டபோது வித்தியாசம் தெரியவில்லை. அரசு கடிதம் அனுப்பியது, தொலைபேசியில் கூப்பிட்டது, சமூக ஊடகத்திலும் விளம்பரம் செய்தது என்பதும் உண்மைதான். ஆனால் அடிக்கடி எண் மாறுகிற, தெரியாத எண்ணை எடுக்காத மக்களை இதெல்லாம் எட்டவில்லை.

அதே குழு 2020-இல் இன்னோர் ஆய்வை வெளியிட்டது. காப்பீட்டை இழந்தவர்களில் பாதிப் பேர் மருத்துவக் கடனை அடைக்கத் திணறினார்கள். 56 சதவீதம் பேர் செலவுக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போட்டார்கள். 64 சதவீதம் பேர் மருந்தைத் தள்ளிப்போட்டார்கள். மருந்தைத் தள்ளிப்போடுவது என்றால் நடைமுறையில், நாளுக்கு ஒரு மாத்திரையை இரண்டு நாளுக்கு ஒன்றாக்குவது, இன்ஹேலரை மூச்சு முட்டும்போது மட்டும் எடுப்பது. சேமித்ததாக அரசு எழுதிக்கொள்ளும் பணம், கொஞ்ச நாளில் அவசரப் பிரிவின் பில்லாக யாரோ ஒருவர் தலையில் விழும்.

இந்த விதியை நடத்துவதற்கே செலவு இருந்தது. மத்திய அரசின் தணிக்கை அமைப்பு 2019-இல் வெளியிட்ட அறிக்கை ஆர்கன்சாவின் நிர்வாகச் செலவு மதிப்பீட்டை 2.61 கோடி டாலர் என்று காட்டியது. கென்டக்கியின் மதிப்பீடு 27 கோடி டாலருக்கும் மேல். கணினி அமைப்பு, கடிதங்கள், அழைப்பு மையம் என்று போகும் இந்தப் பணத்தில் ஒரு பைசா கூட மருந்துக்கோ மருத்துவருக்கோ போகாது.

நீதிமன்றம்

2018 ஆகஸ்டிலேயே ஆர்கன்சாக்காரர்கள் சிலர் வழக்குத் தொடுத்திருந்தார்கள். 2019 மார்ச் 27 அன்று வாஷிங்டனில் மத்திய நீதிபதி ஜேம்ஸ் போஸ்பர்க் தீர்ப்பளித்தார். காரணம் நேரடியானது. மெடிக்கெய்ட் சட்டத்தின் அடிப்படை நோக்கம் வசதியில்லாதவர்களுக்கு மருத்துவச் செலவைக் கொடுப்பது. சோதனை முயற்சிக்கு அனுமதி கொடுக்கும்போது, அதனால் எத்தனை பேர் காப்பீட்டை இழப்பார்கள் என்பதை மத்திய அரசு கணக்கில் எடுக்கவே இல்லை. ஆகவே அனுமதி செல்லாது. 2020 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாக இதை உறுதி செய்தார்கள். தீர்ப்பை எழுதிய டேவிட் சென்டெல் ரீகன் காலத்தில் நியமிக்கப்பட்டவர் என்பதால், இதைக் கட்சிச் சண்டை என்று ஒதுக்குவது கடினம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் 2021-இல் பைடன் அரசு அனுமதியைத் திரும்பப் பெற்றதால் அங்கே முடிவு சொல்லப்படாமலே போனது.

தீர்ப்புக்குப் பிறகு ஆர்கன்சாவில் காப்பீட்டு விகிதம் பெரும்பாலும் பழைய நிலைக்கு வந்தது. ஆனால் 2019 ஜனவரியில், திரும்பச் சேரலாம் என்று கதவு திறந்தபோது, தொடக்கத்தில் திரும்பியவர்கள் பத்தில் ஒருவர் அளவில்தான். வெளியே தள்ளுவது தானாக நடந்தது. உள்ளே வர விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.

இப்போது

இந்த வழக்கு நின்ற இடமே இன்றைய பிரச்சினை. நீதிமன்றங்கள் சொன்னது, அன்று இருந்த சட்டத்தின்படி அதிகாரிகளுக்கு இந்த அனுமதியைக் கொடுக்க இடமில்லை என்பதுதான். சட்டத்தையே மாற்றினால் அந்தத் தடை இல்லை. 2025 ஜூலை 4 அன்று டிரம்ப் கையெழுத்திட்ட சட்டம் அதைச் செய்தது. மெடிக்கெய்டை விரிவாக்கிய மாநிலங்களில், அந்த விரிவாக்கத்தால் காப்பீடு பெறும் 19 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் மாதம் 80 மணி நேரக் கணக்குக் காட்ட வேண்டும். மாநிலங்கள் 2027 ஜனவரிக்குள் தொடங்க வேண்டும். 13 வயது வரை உள்ள குழந்தைகளின் பெற்றோர், கர்ப்பிணிகள், கடும் நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தகுதிச் சோதனை. இந்த நிபந்தனையால் மெடிக்கெய்ட் மறுக்கப்பட்டவர் சந்தையில் அரசு மானியத்தோடு தனியார் காப்பீடு வாங்கவும் முடியாது. ஆர்கன்சாவில்கூட இந்த அளவுக்கு வயது வரம்பு விரிந்திருக்கவில்லை. 62 வயதில் முழங்கால் தேய்ந்து கட்டட வேலையை விட்டவரும் இதற்குள் வருகிறார். தன் நோய் விலக்குக்குப் போதுமானது என்று அவர் காகிதத்தில் நிரூபிக்க வேண்டும்.

இந்தச் சட்டம் மொத்தத்தில் 2034-க்குள் சுமார் 1 கோடிப் பேரைக் காப்பீடு இல்லாதவர்களாக்கும் என்று நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டிருக்கிறது. அதில் பெரும் பங்கு இந்த வேலை நிபந்தனையால். வெளியே போகிறவர்களுக்குக் காத்திருக்கும் சந்தை விலை இதற்கிடையே ஏறிவிட்டது: வேலை வழிக் காப்பீட்டில் ஒரு குடும்பத்துக்கான சராசரி பிரீமியம் 2025-இல் 26,993 டாலர்.

ஜார்ஜியா மாநிலம் 2023 ஜூலையிலிருந்தே இப்படி ஒரு திட்டத்தை நடத்துகிறது. அங்கே வேலைக் கணக்கு காட்டினால்தான் உள்ளேயே வர முடியும். முதல் ஆண்டில் 25,000 பேர் சேர்வார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 4,500-ஐக்கூட எட்டவில்லை.

ஆர்கன்சாவைப் பார்த்து மாநிலங்கள் செய்யக்கூடியவை இருக்கின்றன. கூலிப் பதிவு, உணவு உதவி, கல்லூரிச் சேர்க்கை, மருத்துவ பில் என்று அரசின் கையில் ஏற்கெனவே இருக்கும் தகவல்களைக் கொண்டு முடிந்தவரை தானாக விலக்குக் கொடுக்கலாம். தொலைபேசி, தபால், நேரில் என்று எல்லா வழிகளையும் முதல் நாளிலிருந்தே திறந்து வைக்கலாம். மருத்துவமனையிலும் மருந்துக் கடையிலும் உதவிக்கு ஆள் வைக்கலாம். காப்பீடு போன செய்தி பலருக்கு அங்கேதான் தெரிகிறது. நோயாளி எந்த வேலைக்கும் போக முடியாது என்று ஒவ்வொரு மருத்துவரிடமும் கடிதம் கேட்டு அலைய விடாமல், அரசே பணம் கொடுத்த சிகிச்சைப் பதிவுகளைப் பார்த்துத் தீர்மானிக்கலாம். இவற்றால் பாதிப்பு குறையும், நிற்காது. கைக்காசு வாங்கிப் புல் வெட்டுகிறவரும், படுக்கையில் கிடக்கும் அம்மாவைப் பார்த்துக்கொள்கிற மகளும் எந்தப் பதிவேட்டிலும் இருக்க மாட்டார்கள்.

2027 தொடக்கத்தில் மாநிலங்களின் முதல் மாத அறிக்கைகள் வரும்போது நான் முதலில் தேடப்போவது, வேலை கிடைத்தவர்கள் என்ற வரியை அல்ல. ‘பதியவில்லை’ என்ற வரியில் என்ன எண் இருக்கிறது என்று பார்ப்பேன். ஆர்கன்சாவில் அது முதல் மாதத்தில் 7,464.